ஜோகன்னஸ்பர்க்கா, டர்பன் சலூனா, எங்கள் வீட்டுக் கூடமா: தங்கையின் கல்யாண மேக்கப் ட்ரயலை எங்கே வைப்பது?

தங்கைக்கு வருகிற தை மாதத்தில் கல்யாணம். பிப்ரவரி முதல் ஞாயிறு, காலை எட்டு மணி முகூர்த்தம், தென்னாப்பிரிக்காவின் டர்பனில், சாட்ஸ்வொர்த் பகுதியில் ஒரு மண்டபம். தேதி குறித்த வாரத்திலேயே அம்மா மண்டபத்துக்கும் சமையலுக்கும் ஐயருக்கும் ஏற்பாடு செய்து முடித்துவிட்டார். முகத்துக்கும் முடிக்கும் யாரை அமர்த்துவது என்பதை மட்டும் நான் கேட்டு வாங்கிக்கொண்டேன். என் கல்யாணத்தில் பட்டதுதான் காரணம்.

ஏழு வருடம் முன்பு எனக்கு ட்ரயல், அதாவது கல்யாண அலங்காரத்தை முன்கூட்டியே போட்டுப் பார்ப்பது, நடந்தது ஜூலை மாதத்தில். டர்பனில் ஜூலை என்றால் குளிர்காலம். காற்று காய்ந்திருக்கும், பகலில் 23 டிகிரி இருந்தாலே அதிகம். கண்ணாடியில் பார்த்தபோது எனக்கே என் முகம் அவ்வளவு பிடித்திருந்தது. கல்யாணம் நடந்ததோ பிப்ரவரியில். ஓமத்துக்கு முன்னால் உட்கார்ந்த இருபதாவது நிமிடம் மேலுதடு வியர்த்தது. காதோரம் சுருட்டிவிட்ட முடி நேராகிவிட்டது. நெற்றிச்சுட்டி இடப்பக்கம் சரிந்தது. எல்லாவற்றையும்விட மனசில் தங்கிவிட்டது தாலி கட்டிய நேரம். பின்னலுக்கு மேல் வைத்த அலங்காரம் கழுத்தோடு ஒட்டிக் கிடந்ததால் நாத்தனாருக்கு முடிச்சுப் போட இடமே கிடைக்கவில்லை. கெட்டிமேளம் முடிந்த பிறகும் மூன்று பேர் என் பின்கழுத்தில் கையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார்கள். வீடியோவில் அந்தப் பகுதி வந்தால் நான் எழுந்து போய்விடுவேன்.

எனக்கு அலங்காரம் செய்தவர் கைதேர்ந்தவர்தான், அவர் மேல் தப்பில்லை. ட்ரயலில் நாங்கள் பார்த்தது அழகை மட்டும். அந்த அழகு பிப்ரவரி வெயிலில், புகையில், மாலையின் கனத்தில் நிற்குமா என்று பார்க்கவே இல்லை. அதனால் தங்கைக்கு மூன்று பேரை ஒப்பிட்டபோது நான் கையில் வைத்திருந்த அளவுகோல் ஒன்றே ஒன்று: கல்யாண நாளுக்கு மிக நெருக்கமான ட்ரயலை யாரால் தர முடியும்?

முதலாமவர் ஜோகன்னஸ்பர்க்கில், லெனேசியாவில் இருக்கிறார். தங்கை அங்கேதான் வேலை பார்க்கிறாள். அவளுடைய தோழிக்கு அலங்காரம் செய்த பெண், கல்யாணத்துக்கு டர்பன் வரத் தயார் என்றார். இரண்டாவது, அம்லாங்கா பக்கம் உள்ள ஒரு பெரிய சலூன். மூன்றாவது, சாட்ஸ்வொர்த்திலேயே வீடு தேடி வந்து செய்யும் ஒரு அக்கா. இவை போக அம்மா ஒரு நான்காவது வழியும் சொன்னார். "தனியாக எதற்கு ட்ரயல்? நலங்கு அன்றைக்குப் போட்டுப் பார்த்தால் போதாதா?"

ஜோகன்னஸ்பர்க்: கை நல்ல கை, காற்று வேறு காற்று

செப்டம்பரில் தங்கை லெனேசியாவில் ஒரு ட்ரயல் போட்டுக்கொண்டாள். அனுப்பிய படங்களைப் பார்த்து அம்மா அழுதுவிட்டார். மூன்று பேரில் கண் அலங்காரம் இவருடையதுதான் முதலிடம் என்று இன்றும் சொல்வேன். காலை பத்து மணிக்குப் போட்டது இரவு எட்டு வரை அப்படியே இருந்தது என்றாள்.

என்னை யோசிக்க வைத்தது அந்த "அப்படியே இருந்தது"தான். ஜோகன்னஸ்பர்க் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,750 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. செப்டம்பரில் அங்கே மழைக்காலம் தொடங்கியிருக்காது, உதடு வெடிக்கிற அளவுக்கு வறட்சி. டர்பனோ கடலோரம். வெப்பநீரோட்டம் பக்கத்திலேயே ஓடுகிறது. பிப்ரவரியில் வெப்பம் 28 டிகிரி என்று செய்தியில் சொல்வார்கள், ஆனால் காற்றின் ஈரத்தில் அது உடம்புக்கு இன்னும் கூடுதலாகத் தெரியும். துவைத்துப் போட்ட துண்டு மறுநாள்கூடக் காயாத மாதம் அது.

ஈரம் முடியை என்ன செய்யும் என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது. சூட்டுக் கருவியால் முடியைச் சுருட்டும்போது முடிக்குள் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்புகள் அவிழ்ந்து, ஆறும்போது புது வடிவத்தில் மறுபடி பிடித்துக்கொள்கின்றன. அந்தப் பிணைப்பை அவிழ்க்கத் தண்ணீர் போதும். காற்றிலிருந்து வரும் ஈரமும் தண்ணீர்தான். அதனால்தான் வறண்ட ஊரில் நாள் முழுக்க நிற்கிற சுருள், டர்பனில் ஒரு மணி நேரத்தில் தொங்கிப்போகிறது அல்லது பறட்டையாக எழுந்து நிற்கிறது. முகத்துக்கும் இதே கதை. அங்கே சருமம் காய்ந்துவிடுமே என்று ஈரப்பசை கூடிய ஃபவுண்டேஷன் போடுவார்கள். இங்கே அதே ஃபவுண்டேஷன் மூக்கோரம் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

பயணமும் இருக்கிறது. சாலை வழியாகக் கிட்டத்தட்ட 570 கிலோமீட்டர். வான் ரீனன் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தால் மணிக்கணக்கில் நிற்க வேண்டும். விமானத்தில் வரச் சொன்னால் டிக்கெட், இரண்டு இரவு தங்கல், சாப்பாடு எல்லாம் நம் கணக்கில்தான் வரும். செலவைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். கல்யாணத்துக்கு முதல் நாள் அவர் எங்கே இருக்கிறார் என்று போனைப் பார்த்தபடி இருக்க எனக்கு மனமில்லை.

கல்யாணம் லெனேசியாவில் நடப்பதாக இருந்தால் வேறு யாரையும் பார்த்தே இருக்க மாட்டேன். ஜோகன்னஸ்பர்க்கில் இருந்துகொண்டு டர்பனில் கல்யாணம் செய்கிற பெண்கள் நிறையப் பேர். அவர்களுக்கு ஒன்று சொல்கிறேன்: அங்கே போட்டுப் பார்த்த ட்ரயலின் படத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். டர்பனுக்கு வரும் ஒரு வார இறுதியில் அதே ஆளையோ வேறு ஆளையோ வைத்து இங்கே ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

சலூன்: வசதி இருக்கிறது, கேள்வியும் இருக்கிறது

அக்டோபரில் சலூனுக்குப் போனோம். நல்ல நாற்காலி, முகத்தைச் சுற்றி நிழல் விழாத விளக்கு, முடிக்கு ஒருவர், முகத்துக்கு ஒருவர். ஒருவருக்கு உடம்பு சரியில்லாமல் போனால் இன்னொருவர் வருவார். மணப்பெண்ணுக்கு இது சின்ன நிம்மதி இல்லை. மின்சாரம் போனால் ஜெனரேட்டரும் உண்டு. 2023-இல் லோட்ஷெடிங் என்கிற முறைவைத்த மின்வெட்டோடு வாழ்ந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும். 2024 மார்ச்சுக்குப் பிறகு அது பெருமளவு குறைந்திருக்கிறது, ஆனாலும் கர்லிங் அயர்ன் சூடேறாமல் மணப்பெண் உட்கார்ந்திருந்த கல்யாணம் ஒன்றை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

அங்கே என்னை உறுத்தியது மூன்று விஷயம். முதலாவது குளிர். ஏசி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. தங்கை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் குளிரில் எந்த மேக்கப்தான் நிற்காது? எங்கள் மண்டபத்தில் ஏசி கிடையாது, நான்கு பெரிய மின்விசிறிகள்தான். ஓமம் வளர்க்கும்போது ஐயர் அதையும் நிறுத்தச் சொல்வார்.

இரண்டாவது, ட்ரயலுக்குக் கை வைத்தவரே கல்யாணத்துக்கு வருவாரா என்று கேட்டோம். "எங்கள் டீமில் ஒருவர் வருவார்" என்றார்கள். அந்தப் பதில் எனக்குப் போதவில்லை. ட்ரயல் என்பது ஒரு முகத்துக்கும் ஒரு கைக்கும் ஏற்படுகிற பழக்கம். இடது புருவம் வலதைவிடக் கொஞ்சம் மேலே இருக்கிறது, கண் ஓரத்தில் லைனர் பட்டால் நீர் வடிகிறது என்பதெல்லாம் கைக்குத்தான் ஞாபகம் இருக்கும். ஆள் மாறினால் அந்தப் பழக்கம் போய்விடும். சலூனைத் தேர்ந்தெடுப்பவர்கள் யார் வருவார் என்பதை பெயரோடு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மூன்றாவது நிறம். இதைச் சொல்லாமல் என்னால் கடந்துபோக முடியாது. தங்கை நல்ல மாநிறம், வெயிலில் நின்றால் கொஞ்சம் கறுப்பு. சலூனில் அவள் கழுத்தைவிட இரண்டு படி வெளுப்பான ஃபவுண்டேஷனை எடுத்தார்கள். ஏன் என்று கேட்டதற்கு, கேமராவில் பளிச்சென்று வரும், மணப்பெண்கள் எல்லோரும் கேட்பது இதுதான் என்றார்கள். தங்கை கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. காரில் ஏறியதும், "அக்கா, என் முகம் எங்கே போச்சு?" என்றாள்.

வெளுப்பு ஆசை நம் வீடுகளில் ஊறிக் கிடக்கிறது. கல்யாணம் நிச்சயமானதும் யாராவது ஒரு அத்தை கிரீம் டப்பாவோடு வருவார். தென்னாப்பிரிக்கா 1990-இலேயே ஹைட்ரோகுவினோன் கலந்த வெளுப்புக் கிரீம்களை அழகுப்பொருளாக விற்கத் தடை போட்ட நாடு. அதைப் பூசிய எத்தனையோ பெண்களின் கன்னத்தில் கரும்படலம் நிலைத்துவிட்ட பிறகு வந்த தடை அது. இன்றும் திருட்டுத்தனமாக விற்கிறார்கள், சிலவற்றில் ஸ்டீராய்டும் சேர்க்கிறார்கள். ஸ்டீராய்டு பூசினால் தோல் மெலியும், நிறுத்தியதும் முகம் சிவந்து பரு கிளம்பும். கல்யாணத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது முகத்துக்குச் செய்யக்கூடிய பெரிய கெடுதல் இது. ட்ரயலில் ஒருவர் உங்கள் நிறத்தை மாற்றப் பார்த்தால், மற்ற எல்லாம் நன்றாக இருந்தாலும் அவர் வேண்டாம் என்பது என் கருத்து. தாடையில், கழுத்தில், நெஞ்சுப் பக்கம் என்று மூன்று இடத்தில் கோடு போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் எது மறைகிறதோ அதுதான் உங்கள் நிறம். போட்டதும் பார்ப்பதோடு நிறுத்தாமல் ஒரு மணி நேரம் கழித்தும் பாருங்கள். சில ஃபவுண்டேஷன்கள் காற்றுப் பட்டதும் ஆரஞ்சு நிறத்துக்குப் போகும்.

இன்னொரு தொல்லை தூரம். அம்லாங்கா டர்பனுக்கு வடக்கே, சாட்ஸ்வொர்த் தெற்கே. விடியற்காலையில் மணப்பெண் அங்கே போய், பட்டுப் புடவை மேல் சீட்பெல்ட் மாட்டிக்கொண்டு நகரத்தைக் கடந்து திரும்ப வேண்டும். சலூன்காரர்களே மண்டபத்துக்கு வருவதானால், நாம் அவ்வளவு ரசித்த நாற்காலியும் விளக்கும் ஏசியும் கூடவே வரப்போவதில்லை.

வீட்டுக்கு வந்த அக்கா

நவம்பர் கடைசி ஞாயிறு. முந்தின இரவு மழை பெய்து ஓய்ந்திருந்தது, காலையிலேயே பிசுபிசுப்பு. அந்த அக்கா ஆறு மணிக்கே வந்துவிட்டார். அந்த நேரத்துக்கு வரச் சொன்னது நான்தான். கல்யாணத்தன்று போலவே தூக்கக் கலக்கத்தில், முகம் கொஞ்சம் வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கூடத்தில் ஜன்னல் பக்கம் நாற்காலியைப் போட்டு, மின்விசிறியை நிறுத்திவிட்டோம்.

அவர் முதலில் பையைத் திறக்கவில்லை. கேள்வி கேட்டார். கூறைப் புடவை மாற்றுகிற வழக்கம் உண்டா? குங்குமம் வகிட்டில் வைப்பீர்களா, நெற்றியில் மட்டுமா? பெண் தலையில் பூவும் மாலையும் சேர்ந்து எவ்வளவு கனம் வரும்? தாலி முடிச்சை யார் போடுவார்? இதைக் கேட்டதும் எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. டர்பனில் மேக்கப் கலைஞர்கள் குஜராத்தி, ஹிந்தி, தெலுங்கு, முஸ்லிம், தமிழ் என்று எல்லா வீட்டுப் பெண்களுக்கும் செய்கிறார்கள். ஒவ்வொரு வீட்டுச் சடங்கும் தலையை வேறு விதமாகத் தொடும். முக்காடு தாங்கப் பின் குத்திப் பழகியவருக்கு, நடு வகிடு திறந்திருக்க வேண்டும் என்பது தானாகத் தோன்றாது. பக்கவாட்டில் வாரித் தூக்கிவிட்டால் மாப்பிள்ளை குங்குமம் வைக்க இடமில்லாமல் விரலை வைத்துக்கொண்டு நிற்பார்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். அவர் ஒற்றை ஆள். முடியும் முகமும் அவரே செய்வதால் நேரம் கூடுதலாகிறது. அவருக்குக் காய்ச்சல் வந்தால் யார் வருவார் என்பதை நாம்தான் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். கேட்டோம். அவரோடு வேலை பழகிய இன்னொருவரின் எண்ணைக் கொடுத்தார். பிரஷ்களை நம் கண் முன்னே சுத்தம் செய்கிறாரா, உதட்டுச்சாயத்தைக் குச்சியோடு உதட்டில் வைக்காமல் தட்டில் எடுத்துப் போடுகிறாரா என்றும் பார்க்க வேண்டும். இவர் செய்தார். வீட்டு ட்ரயலில் வேறொரு ஆபத்து, ஆளாளுக்கு அபிப்பிராயம் சொல்வது. பக்கத்து வீட்டுப் பாட்டி வரைக்கும் வந்து நின்று உதடு இன்னும் சிவக்கட்டும் என்றார். அம்மாவையும் என்னையும் தவிர எல்லோரையும் சமையலறைக்கு அனுப்பிவிட்டேன்.

நலங்கையே ட்ரயலாக்குவது பற்றி அம்மாவுக்கு நான் சொன்ன பதில் ரொம்பச் சின்னது: அன்றைக்குப் பிடிக்காவிட்டால் மாற்ற ஒரு ராத்திரிதான் இருக்கும். ஆனால் அந்தப் பேச்சிலிருந்து ஒரு நல்லது விளைந்தது. நலங்கில் பூசும் மஞ்சள் கன்னத்தில் ஒரு நாளாவது தங்கும். ட்ரயலில் சுத்தமான தோலுக்குப் பொருத்தம் பார்த்த ஃபவுண்டேஷன், மஞ்சள் பிடித்த தோல் மேல் போட்டால் வேறு நிறம் காட்டும். அதனால் ட்ரயலுக்கு முந்தின சாயங்காலம் தங்கையின் ஒரு பக்கத் தாடையில் மட்டும் மஞ்சள் பூசிப் பார்த்தோம். காலையில் இரண்டு பக்கமும் வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது. மஞ்சளின் நிறப்பொருள் எண்ணெயில் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. தேங்காய் எண்ணெய் தொட்டு மெதுவாகத் துடைத்து, கடலை மாவும் பாலும் போட்டுக் கழுவியதும் பெரும்பகுதி போய்விட்டது. நலங்கு இரவுக்கும் அதையே செய்யப்போகிறோம்.

உடம்பைத் தயார் செய்வது

மூவரில் யாரிடம் போனாலும் சில ஏற்பாடுகள் பொதுவானவை. ட்ரயலுக்கு முதல் நாள் தலைக்குக் குளித்து நன்றாகக் காயவிட வேண்டும். எண்ணெய் ஒட்டக் கூடாது, கண்டிஷனரும் நுனியோடு போதும். அன்று காலையே குளித்த முடி வழுக்கும், ஹேர்பின் நிற்காது. புருவம் திருத்துவதையும் மீசை எடுப்பதையும் இரண்டு மூன்று நாள் முன்னால் முடித்துக்கொள்ளுங்கள், அன்றே செய்தால் அந்த இடம் எரியும், மேக்கப் திட்டுத் திட்டாக உட்காரும். ரெட்டினால் கிரீம் போடுபவர்கள் மெழுகு வைத்து முடி எடுப்பதற்கு ஒரு வாரம் முன்பே அதை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் தோலே உரிந்து வரும். இமை ஒட்டும் பசை சிலருக்கு ஒவ்வாது. இரண்டு நாள் முன்னால் காதுக்குப் பின்னால் ஒரு துளி வைத்துப் பார்த்தால் தெரிந்துவிடும். முடிச்சாயத்துக்கும் அதே 48 மணி நேரச் சோதனை. சீக்கிரம் கறுப்பாகச் சிவக்கும் என்று விற்கிற கருமருதாணியைத் தொடவே தொடாதீர்கள். அதில் முடிச்சாய வேதிப்பொருள் கலந்திருக்கும், கை கொப்பளித்துவிடும்.

முன்பக்கம் பட்டன் வைத்த சட்டை போட்டுக்கொள்ளுங்கள், தலை வழியாகக் கழற்றுகிற துணி வேண்டாம். கழுத்து வெட்டு கல்யாண ரவிக்கை மாதிரியே இருந்தால் இன்னும் நல்லது. நகையை, முக்கியமாக நெற்றிச்சுட்டியையும் மாட்டலையும், கையோடு எடுத்துப் போக வேண்டும். கனமான ஜிமிக்கியின் மாட்டலை எந்த இடத்தில் குத்துவது என்பதைப் பொறுத்துத்தான் காதோர முடியின் வடிவமே அமையும்.

ஏர்பிரஷ்ஷா, சாதாரண மேக்கப்பா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஏர்பிரஷ் பனி மாதிரி மெல்லிசாக உட்காரும், படத்தில் அழகு. ஆனால் கண்ணீர் வழிந்தால் கோடு விழும், அதை மண்டபத்தில் உட்கார்ந்து சரி செய்வது கஷ்டம். எங்கள் வீட்டில் எல்லோரும் அழுவார்கள். சாதாரணத்தையே சொன்னேன்.

ஜடையா, கொண்டையா

நாங்கள் அதிக நேரம் செலவழித்தது இதில்தான். தங்கைக்கு முழு ஜடை அலங்காரம் ஆசை: சவுரி வைத்து இடுப்பு வரை பின்னல், மேலே ராக்கொடி, வகிட்டின் இரு பக்கமும் சூரியப்பிரபை சந்திரப்பிரபை, நடுவில் ஜடைநாகம், நுனியில் குஞ்சலம், சுற்றிலும் மல்லிகை. எங்கள் பாட்டியின் ராக்கொடி வீட்டில் இருக்கிறது. அது அவள் தலையில் ஏற வேண்டும் என்பது எனக்கும் ஆசைதான்.

கொண்டை போட்டால் கழுத்து திறந்திருக்கும். காற்றுப் படும், தாலி முடிச்சுக்கு வழி இருக்கும், புடவை மாற்றும்போது தட்டாது, ஈரக் காற்றில் குலையவும் வாய்ப்புக் குறைவு. நியாயமாகப் பார்த்தால் பிப்ரவரிக்குக் கொண்டைதான். ஆனால் மணவறையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணை விருந்தினர் பாதிப் பேர் பின்னாலிருந்தும் பக்கத்திலிருந்தும்தான் பார்க்கிறார்கள். ஜடையின் அழகு அங்கேதான். ஆசையை அப்படியே வெட்டிவிட எனக்கு மனம் வரவில்லை.

சரி, ட்ரயலே சொல்லட்டும் என்று முழு ஜடையையும் போடச் சொன்னோம். அதற்கு முன் சமையலறைத் தராசில் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தோம், 640 கிராம். அக்கா முதலில் உச்சியில் சொந்த முடியிலேயே ஒரு சின்ன இறுக்கமான முடிச்சுப் போட்டு, கனம் முழுவதும் அதன் மேல் விழும்படி சவுரியைக் கோத்தார். முன் நெற்றி முடி இழுபடவில்லை. அரை மணி நேரத்தில் தலைவலி வந்தால் பின் தப்பான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம், பல்லைக் கடித்துக்கொண்டு இருக்காதே, உடனே சொல்லு என்று தங்கையிடம் சொன்னார்.

அப்புறம் நாங்கள் வீட்டிலேயே கல்யாணம் நடத்தினோம். அவள் தரையில் மணை போட்டு உட்கார்ந்தாள். பூக்கடையில் வாங்கிய சாமந்தி மாலையை அம்மா அவள் கழுத்தில் போட்டுக் கழற்றினார், மூன்று முறை. மூன்றாவது முறை மாலையின் நார் ஜடைநாகத்தில் மாட்டிக்கொண்டது. அந்தக் கொக்கியை உள்பக்கம் மடித்துக் கட்டினார் அக்கா. நான் ஒரு மஞ்சள் கயிற்றை எடுத்துப் பின்னால் போய் நின்றேன். ஜடை கழுத்தோடு ஒட்டித்தான் இருந்தது. அக்கா பின்னலைக் கழுத்துக்கு நான்கு விரல் மேலே தொடங்கும்படி மாற்றினார். இப்போது ஒரு கையால் ஜடையைத் தூக்கினால் மறு கைக்கு இடம் கிடைத்தது. மாப்பிள்ளையின் அக்காவுக்கு வாட்ஸ்அப்பில் வீடியோ எடுத்து அனுப்பினோம், எந்த இடத்தில் பிடித்துத் தூக்க வேண்டும் என்று. முடிச்சை மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். மூன்று தடவையும் விழுந்தது.

தங்கை உள்ளே போய்ப் புடவை மாற்றிக்கொண்டு வந்தாள். பதினெட்டு நிமிடம். பெரியம்மா அட்சதை போட்டார். உதட்டில் இரண்டு அரிசி ஒட்டிக்கொண்டது. பளபளப்புச் சாயத்தை விட்டுவிட்டு மங்கலான வகைக்கு மாறினோம். ஹேர்ஸ்ப்ரே அதிகமாக அடித்த இடத்தில் அரிசி பூச்சி மாதிரி அப்பிக் கிடந்தது, அதனால் அதையும் குறைத்தோம். சாம்பிராணி போட்டுப் புகையில் கண் கலங்குகிறதா என்று பார்த்தோம். கலங்கியது. கீழ் இமையில் மை வேண்டாம் என்று முடிவானது.

அலங்காரத்தை ஆறு மணி நேரம் கழற்றவில்லை. அவள் அதோடேயே சாப்பிட்டாள், தண்ணீர் குடித்தாள், வாசலில் வெயிலில் நின்றாள். ஒவ்வொரு மணிக்கும் ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்று, ஃபிளாஷ் போட்டு ஒன்று என்று படம் எடுத்தேன். முதல் ஃபிளாஷ் படத்தில் கண்ணுக்குக் கீழே வெள்ளையாக அடித்தது. சன்ஸ்கிரீன் கலந்த ஃபவுண்டேஷனும் சிலிக்கா பவுடரும் ஃபிளாஷ் ஒளியைத் திருப்பி அடிக்கும். பவுடரை மாற்றி மறுபடி எடுத்தோம், போய்விட்டது. மூன்றாம் மணியில் மூக்கு மினுங்கியது. துடைக்கக் கூடாது, டிஷ்யூவை வைத்து ஒற்றி எடுக்க வேண்டும் என்று அக்கா காட்டிக் கொடுத்தார். நான்காம் மணியில் காதோரச் சுருள் தளர்ந்தது. கல்யாணத்தன்று அந்தச் சுருளே வேண்டாம், அதையும் பின்னலுக்குள் சேர்த்துவிடலாம் என்று தங்கையே சொன்னாள். ஆறாம் மணியில் முகம் கொஞ்சம் களைத்திருந்தது, ஆனால் அது அவள் முகமாகவே இருந்தது.

காசு விஷயம்

மூன்று பேரும் ட்ரயலுக்குத் தனியாகவே கேட்டார்கள். சலூனில் புக் செய்தால் மொத்தத் தொகையில் கழித்துக்கொள்வோம் என்றார்கள். கல்யாண மாதங்களில் ஞாயிற்றுக்கிழமைகள் சீக்கிரம் போய்விடும். ஆடியிலும் புரட்டாசியிலும் நம்மவர்கள் கல்யாணம் வைப்பதில்லை என்பதால் மற்ற மாதங்களில் நெருக்கடி அதிகம். அதனால் ட்ரயலுக்கு முன்பே டெபாசிட் கேட்பார்கள். கொடுக்கலாம், ஆனால் ரத்து செய்தால் எவ்வளவு திரும்பும் என்பது எழுத்தில் இருக்க வேண்டும். தென்னாப்பிரிக்காவின் 2008-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு, முன்பதிவை ரத்து செய்யும் உரிமையை நமக்குத் தருகிறது. ரத்துக் கட்டணம் வாங்கலாம், ஆனால் அது நியாயமான அளவில் இருக்க வேண்டும். டெபாசிட் எந்தக் காரணத்துக்கும் திரும்பாது என்று அச்சடித்த தாளில் யோசிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

யாருக்கு எது என்று கேட்டால், மண்டபத்தில் ஏசி இருக்கிறது, மாலையில் வரவேற்பு மட்டும்தான், அலங்காரம் சலூனிலேயே முடித்துக்கொண்டு போகலாம் என்பவர்களுக்கு நல்ல சலூன் பொருந்தும். தங்கையின் வரவேற்புக்கு நானே அதை யோசித்தேன். ஓமமும் கூறைப் புடவையும் தாலியும் உள்ள காலை முகூர்த்தத்துக்கு, டர்பன் வெக்கையில், வீட்டுக்கு வந்து சடங்கைக் கேட்டுச் செய்கிறவர்தான். நாங்கள் அந்த அக்காவையே அமர்த்தினோம். லெனேசியாப் பெண்ணிடம் தங்கை போனில் பேசினாள். அவர் வருத்தப்படவில்லை. அவர் போட்ட கண் அலங்காரத்தின் படத்தை இந்த அக்காவிடம் காட்டிக்கொள்ளச் சொன்னார்.

நேரக் கணக்கையும் ட்ரயலிலேயே போட்டுவிட்டோம். முடிக்கு ஒன்றேகால் மணி, முகத்துக்கு ஒன்றரை மணி, புடவைக்கும் நகைக்கும் முக்கால் மணி. ஏழேகாலுக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். கால் மணி நேரம் கையில் வைத்துக்கொண்டால், மூன்றரைக்கு அவர் கதவைத் தட்ட வேண்டும். எங்கள் ஊரில் கட்டிய மல்லிகை நினைத்த நேரத்தில் கிடைக்காது. பூக்காரம்மாவிடம் இப்போதே சொல்லி வைத்திருக்கிறேன், சனிக்கிழமை சாயங்காலம் ஈரத் துணியில் சுற்றி வரும். அதைப் பின்னலில் கடைசியாக, காரில் ஏறுவதற்குச் சற்று முன்னால்தான் வைக்கப்போகிறோம்.